கட்டடம் அவர்களுடையது, பொறுப்பு யாருடையது?

கேள்வி: சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். அரசு நிதியில் வீடற்றோர் இரவுக் காப்பகம் ஒன்றை நடத்த எங்களைத் தேர்வு செய்திருக்கிறார்கள். ஒப்பந்த வரைவு பதினெட்டுப் பக்கம். "எல்லாருக்கும் ஒரே வரைவுதான், கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், வியாசர்பாடி, சென்னை-39

பதில்: தொகை எவ்வளவு என்று பார்க்குமுன், அந்தப் பணத்துக்கு வரைவில் என்ன பெயர் என்று தேடுங்கள். மானியமா, சேவைக் கட்டணமா? இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் எது என்று எழுத்தில் கேளுங்கள். பின்னால் வருகிற தலைவலிகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மானியம் என்றால் செலவு போக மீதியைத் திருப்ப வேண்டும். மத்திய அரசின் மானியத்துக்குப் பொது நிதி விதிகள் 2017 பொருந்தும். அதன்படி மானியத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டியும் உங்களுடையதல்ல. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஆகவே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

கட்டணம் என்றால் பில், டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி), ஜிஎஸ்டி என்று வேறு பாதை. அரசியலமைப்பில் நகராட்சிப் பணிகளைப் பட்டியலிடும் 12ஆவது அட்டவணையிலுள்ள பணிக்காக உள்ளாட்சிக்குத் தரும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நகர்ப்புற வறுமை ஒழிப்பு அந்த அட்டவணையில் இருக்கிறது. சாப்பாடு, போர்வை எல்லாம் நீங்களே வாங்கித் தருவதானால் பொருளின் மதிப்பு மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாண்டினால் அந்த விலக்கு கிடைக்காது. அப்போது வரியை யார் கட்டுவது? வரைவு அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, "நிதி வரப்பெற்ற பின் தொகை வழங்கப்படும்" என்ற வரி. பார்க்கச் சாது, ஆனால் அதில் தேதியே இல்லை. காவலருக்கும் சமையல்காரருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் வேண்டும். பில் கொடுத்து இத்தனை நாளில் பணம் என்று எழுதக் கேளுங்கள். மறுத்தால், மூன்று மாதச் சம்பளம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள் என்பேன்.

அபராதப் பிரிவில் நிதானமாக நில்லுங்கள். பணியாளர் குறைந்தால் நாளுக்கு இவ்வளவு பிடித்தம் என்றிருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 74ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். ஆனால் அதை நிலைநாட்ட நீங்கள்தான் வழக்கு, நடுவர் என்று அலைய வேண்டும். பில்லில் பிடித்துக்கொள்வதோ அவர்களுக்கு ஒரு பேனா வேலை. முன்னறிவிப்பு, விளக்கம் தர அவகாசம், மாதப் பிடித்தத்துக்கு ஓர் உச்சவரம்பு, இந்த மூன்றையும் கேளுங்கள். மழைக்கும் விலக்கு வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிய இரவில் உங்கள் காவலர் எப்படி வந்து சேர்வார்?

இதைவிட ஆபத்தானது, "எந்த இழப்புக்கும் நடத்துநரே முழுப் பொறுப்பு" என்பது. நடத்துநர் என்றால் காப்பகத்தை நடத்தும் நீங்கள். கட்டடம் அவர்களுடையது. மேல்கூரைக் காரை பெயர்ந்து தூங்குகிறவர் தலையில் விழுந்தால்? கட்டடக் குறை, மின் இணைப்புக் குறை ஆகியவற்றால் வரும் இழப்பு நடத்துநரைச் சேராது என்று ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும். பழுதுபார்ப்பது யார், எத்தனை நாளில் என்பதும் வேண்டும்.

இன்னொன்று: அரசுப் பணத்தில் கணிசமாக ஓடும் தொண்டு நிறுவனங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீதுகளை அந்த நினைப்போடு வையுங்கள்.

டெண்டர் முடிந்தபின் வரைவைத் திருத்த அதிகாரிகள் தயங்குவார்கள், அதில் நியாயமும் உண்டு. அப்போதும் சந்தேகங்களைக் கடிதமாகக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தின் இணைப்பாக்கப் பாருங்கள். உங்கள் கடிதம் மட்டும் ஒப்பந்தத்தை மாற்றிவிடாது.

சாவி வாங்கும் அன்றே கட்டில், மின்விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியலிட்டு, மின்மீட்டர் எண்ணையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஒப்படைக்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.