அலையைத் தாங்கும் கற்கள்

கேள்வி: கடல் பாறைமேல் கட்டிய கலங்கரை விளக்கம் சரிவதில்லையே, எப்படி? எங்கள் கோட்டைச் சுவர் மாதிரி கல்லின் கனம் மட்டும் போதுமா?
- வாசகர், வேலூர்

பதில்: போதாது. அலை பக்கவாட்டில் மோதும். இடுக்கில் புகுந்த நீர் கல்லை நெம்பித் தள்ளும். 1759-இல் இங்கிலாந்தின் எடிஸ்டோன் கடற்பாறையில் பொறியாளர் ஸ்மீட்டன் கட்டிய கலங்கரைக் கோபுரத்தில், நுனி விரிந்த நாக்கும் அதற்கேற்ற பள்ளமுமாகச் செதுக்கி ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு பூட்டினார். அடிவரிசை, பாறையிலேயே வெட்டிய படிகளில் பூட்டப்பட்டது. மேல்வரிசை நழுவாமலிருக்க இடையில் சலவைக்கல் கட்டைகள். சாதாரணச் சுண்ணாம்பு நீருக்கடியில் இறுகாது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, இத்தாலிய எரிமலை மண்ணைச் சரிபாதி சேர்த்தார். சிமென்ட் வரலாறே இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது என்பேன். கடைசியில் தோற்றது கோபுரமல்ல, அடிப்பாறை! அலை அதை அரித்ததால் 1882-இல் பக்கத்துப் பாறையில் புதுக் கோபுரம் எழுந்தது. பழையதன் மேற்பகுதி இன்று பிளிமத் நகரக் கரையில்.

கேள்வி: விளக்கின் லென்ஸைப் பாதரசத்தில் மிதக்கவிட்டது ஏன்?
- வாசகி, ஆம்பூர்

பதில்: டன் கணக்கான லென்ஸும் உராய்வின்றி, விரலால் தள்ளினாலே சுழலும். தூசு படிந்தால் சுழற்சி மந்தமாகும், பாதரசத்தை மெல்லிய பதனிட்ட தோலில் வடிகட்டுவார்கள் (தோலின் அருமையை ஆம்பூருக்குச் சொல்லவா வேண்டும்!). ஆவி நச்சு, சன்னலைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும்.