மிக்ஸி பிளேடில் இருப்பது கறையா, துருவா? – கேள்வி பதில்

மிக்ஸி, ஃபுட் பிராசஸர், இறைச்சி அரைக்கும் மெஷின் இவற்றின் பிளேடு நிறம் மாறினால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பிளேடில் கை வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: அக்கா, பிளேடு முழுக்க வெள்ளையா படிஞ்சு மங்கிப் போச்சு. சோப்பு போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் போகல. வீணாயிடுச்சா?

பதில்: வீணாகவில்லை. அது உப்புத் தண்ணீர் விட்டுச் சென்ற படிவு, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிளேடு மூழ்கும் அளவுக்கு ஜாரில் ஊற்றி இருபது நிமிடம் விடுங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பிளேடின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி ஏறும். படிவு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். குமிழி நின்றதும் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். வினிகர் இல்லையென்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் போதும். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். படிவு கரைந்த பிறகும் புளிப்பு அங்கேயே நின்றால் உலோகத்தையும், அடியில் நடுத்தண்டைச் சுற்றியுள்ள ‘புஷ்’ என்ற வளையத்தையும் அரிக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: நான் வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துதான் ஊத்துறேன். நல்லா நுரைக்குது, ஆனா கறை அப்படியே இருக்கு. ஏன்?

பதில்: ஒன்று அமிலம், மற்றொன்று காரம். சேர்த்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு கரைந்த வெறும் தண்ணீர். உப்புப் படிவுக்கு வினிகர் மட்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைக் குழைத்துப் பூசி, வெந்நீரில் கழுவுங்கள். இரண்டும் இருந்தால் முதலில் பிசுக்கை எடுங்கள், பிறகு படிவு. பிசுக்கு மூடியிருந்தால் வினிகர் உள்ளே போகவே போகாது.

கேள்வி: எவர்சில்வர் துருப் பிடிக்காதுன்னுதானே சொல்றாங்க? என் பிளேடுல பழுப்புப் புள்ளி புள்ளியா இருக்கே! கம்பெனி ஏமாத்திட்டானா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. எவர்சில்வரில் குறைந்தது 10.5% குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே ஒரு ஆக்ஸைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் அதுதான் இரும்பைக் காக்கும் கவசம். கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒரே ரகம் இல்லை. பாத்திரங்களில் அதிகம் வருவது 304 என்ற ரகம், 18% குரோமியமும் 8% நிக்கலும் சேர்ந்தது. பிளேடுக்கு முனை கெட்டியாக இருக்க வேண்டும் என்பதால், சூடாக்கிக் கடினப்படுத்தக்கூடிய ரகத்தைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். அதில் குரோமியம் ஏறக்குறைய 13%. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் உருக்கிய 12.8% குரோமியம் எஃகுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். கூர்மைக்காகத் துரு எதிர்ப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த உலோகம் இது. உப்பும் ஈரமும் மணிக்கணக்கில் தங்கினால் புள்ளி விழத்தான் செய்யும்.

இப்போது உங்கள் புள்ளிக்கு வருவோம். பிளேடை நன்றாகக் காய வைத்து, ஒரு ஊசி முனையைப் புள்ளியின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான துரு. சமையல் சோடாவில் சில சொட்டு நீர் விட்டுக் குழைத்து, பளபளப்புக் கோடு ஓடும் திசையிலேயே பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். ஊசி சிக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. குழியைத் தேய்த்து நிரப்ப முடியாது. ஒன்றிரண்டு சின்னக் குழி என்றால் சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு கவனியுங்கள். பல இடத்தில் குழி இருந்தாலோ, வெட்டும் முனையிலோ பிளேடு மடங்கும் இடத்திலோ ஒரு குழி இருந்தாலோ பிளேடை மாற்றிவிடுங்கள். அதிவேகத்தில் சுழலும் பொருள் அது, பலவீனமான இடத்தில் உடைந்தால் ஆபத்து.

கேள்வி: கம்பி நார் போட்டுத் தேய்ச்சேன், பளிச்சுனு ஆச்சு. மறுநாள் பார்த்தா முன்னைவிட மோசமா பழுப்பேறி இருக்கு.

பதில்: அது உங்கள் பிளேடின் துரு இல்லை. சாதா இரும்புக் கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துகள் பிளேடில் ஒட்டிக்கொண்டு துருப் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன சிட்ரிக் அமிலக் கரைசலில் அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். இனி நைலான் ஸ்க்ரப்பர் அல்லது பிரஷ் மட்டும் போதும்.

கேள்வி: பிளேடுக்கு அடியில துடைச்சா துணியில கறுப்பா ஒட்டுது. தினமும் துடைச்சாலும் மறுபடி வருது.

பதில்: தயவுசெய்து அந்த ஜாரில் அரைப்பதை உடனே நிறுத்துங்கள். அது கறையே இல்லை. நடுத்தண்டைச் சுற்றியுள்ள புஷ்ஷோ வாஷரோ தேய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸும் உலோகத் தூளும் மேலே வருகின்றன. ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, காகிதத்தின் மேல் அரை மணி நேரம் வையுங்கள். காகிதம் நனைந்தால் உறுதி. நனையாவிட்டாலும் கறுப்பு திரும்பத் திரும்ப வந்தால் முடிவு அதேதான்: பிளேடு செட்டை மாற்ற வேண்டும். எந்தக் கரைசலும் இதற்கு மருந்தாகாது. ஊற வைக்க வைக்கச் சீக்கிரம் கெடும்.

கேள்வி: இறைச்சி அரைக்கும் மெஷினைக் கழட்டி டிஷ்வாஷர்ல போட்டேன். எல்லாம் சாம்பல் நிறமாகி, தொட்டா கையில கறுப்பு ஒட்டுது. பிளேடு செம்மண் நிறமாயிடுச்சு. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: இரண்டு உலோகம், இரண்டு பிரச்சினை. கையில் ஒட்டும் பாகங்கள் அலுமினியம். டிஷ்வாஷர் சோப்பின் காரம் அதன் காப்புப் படலத்தைக் கரைத்துவிட்டது. எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை திரும்பச் செய்யுங்கள். பொறுமை வேண்டும், பழைய பளபளப்பு முழுதாகத் திரும்பாது. செம்மண் நிறத்தில் இருப்பது குரோமியம் சேராத சாதா எஃகாகத்தான் இருக்கும். அந்தத் துருவைச் சோடாவால் தேய்த்தெடுத்து, கழுவி, உடனே துடைத்து, சூடான இடத்தில் காய வைத்து, உணவுத் தர மினரல் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். இனி இவை டிஷ்வாஷர் பக்கமே போகக் கூடாது.

கேள்வி: ப்ளீச் ஊத்தினா ஒரேயடியா போகுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ப்ளீச்சில் உள்ள குளோரின்தான் எவர்சில்வரின் படலத்தைத் துளைத்துக் குழி போடுகிறது. அதைவிட முக்கியம், வினிகரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்கு ஆபத்து.

கேள்வி: பிளேடு வானவில் மாதிரி நீலமும் ஊதாவுமா மின்னுது. விஷமா?

பதில்: இல்லை. மேலே மிக மெல்லிய படலம் சேர்ந்தால் ஒளி அப்படித் தெரியும். வினிகர் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள்.

கேள்வி: கல்லுப்பு போட்டு மிக்ஸியை ஓட்டினா பிளேடு கூர்மையாகும், கறையும் போகும்னு எங்க அத்தை சொல்றாங்க.

பதில்: அத்தையிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: கூர் தீட்ட, முனையில் சரியான கோணத்தில் உரச வேண்டும். உப்பு எல்லாப் பக்கமும் மோதும், முனை மழுங்கத்தான் செய்யும். இடுக்கில் தங்கும் உப்புதான் நாளைய துருப் புள்ளி.

கேள்வி: துரு வயித்துக்குள்ள போயிருந்தா? வீட்ல சின்னக் குழந்தை இருக்கு.

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. துணுக்களவு இரும்பு ஆக்ஸைடு உள்ளே போனதால் கெடுதல் வராது. எனக்குக் கவலை வேறு: குழியில் உணவு தங்கிக் கிருமி வளரும், துரு செதிலாக உதிரும். அந்த நிலை வந்துவிட்டால் குழந்தைக்கு அரைக்க அந்த பிளேடு வேண்டாம்.

கேள்வி: சுத்தம் பண்ணியாச்சு. மறுபடி வராம இருக்க?

பதில்: உப்பும் புளிப்பும் அரைத்த ஜாரை அப்படியே வைக்காதீர்கள். அரைத்த கையோடு தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுச் சில நொடி ஓட்டிக் கழுவுங்கள். ஈரம் தங்குவது பிளேடுக்கும் ஜாரின் அடிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு விரல் சந்தில்தான். துணியின் முனையைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டு மறுபக்கம் இழுத்தால் வறண்டுவிடும். சந்துக்குள் விரலை நுழைக்காதீர்கள். ஜார் முழுதாகக் காய்ந்த பிறகே மூடி போடுங்கள்.