சேலத்து எஸ்.எஸ். பைப்பில் ரேஸ் கார் ஃப்ரேம் போடலாமா?

கேள்வி: கல்லூரி அணியாக, 390 சிசி பைக் இன்ஜின் வைத்து ஒற்றை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறோம். எங்கள் ஊரில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எளிதாகக் கிடைக்கிறது, துருவும் பிடிக்காது. ஃப்ரேமை அதில் போடலாமா, அலுமினியத்துக்குப் போகலாமா? இன்ஜினில் எதை மாற்றினால் எடை குறையும்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஃப்ரேமுக்கு இரண்டும் வேண்டாம். கார்பன் ஸ்டீல் உருண்டைக் குழாயில் போடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. உலோகத்தின் விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். ஸ்டீலுக்கு 205 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 7.85, விடை 26. அலுமினியத்துக்கு 69, 2.7; விடை 25.6. டைட்டானியமும் மக்னீசியமும் அதே 26-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. எஸ்.எஸ். வகைகளில் ஒன்றான 304-க்கு 24தான். எனவே உலோகத்தை மாற்றிய மாத்திரத்தில் ஃப்ரேம் இலேசாகிவிடாது. குழாயின் விட்டத்திலும் முக்கோணக் கட்டிலும்தான் விஷயம் இருக்கிறது.

25.4 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்புள்ள ஸ்டீல் குழாய் மீட்டருக்கு 1.15 கிலோ. 38.1 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிப்பு என்றால் 1.09 கிலோ. எடை கொஞ்சம் குறைவு, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 2.3 மடங்கு. அதற்காக இன்னும் மெலிதாகப் போகாதீர்கள். ஜாக்கி வைத்தாலே நசுங்கும், வெல்டிங்கில் ஓட்டை விழும். ரோல் ஹூப் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைகுழாய்), பக்கவாட்டுப் பாதுகாப்புக் குழாய்கள் ஆகியவற்றின் அளவைப் போட்டி விதிப்புத்தகம் சொல்கிறபடியே வையுங்கள். அங்கே கணக்குப் போட்டுக் குறைக்கக் கூடாது.

எஸ்.எஸ். ஏன் வேண்டாம்? சூட்டில் அது சாதா ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். வெல்டிங் போட்ட இடத்திலேயே சூடு தங்கி, ஆறும்போது குழாயை இழுத்துக் கோணலாக்கும். சஸ்பென்ஷன் பிராக்கெட் 2 மி.மீ. நகர்ந்தாலும் வீல் அலைன்மென்ட் கைக்கு வராது. ஃபார்முலா ஸ்டூடன்ட் (கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களோடு மோதும் போட்டி) வகைப் போட்டிகளில் ஸ்டீலில் குறைந்தது 0.1 சதவீதம் கார்பன் கேட்பது வழக்கம். 304-இல் அதிகபட்சமே 0.08தான்.

அலுமினியத்தின் சிக்கல் வேறு. 6061-டி6 என்ற அலுமினிய வகையின் ஈல்ட் வலிமை, அதாவது நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவு, 276 மெகாபாஸ்கல். வெல்டிங் பக்கத்தில் அது பாதிக்கும் கீழே போய்விடும். திரும்பப் பெற வேண்டுமானால் முழு ஃப்ரேமையும் உலையில் வைத்து, நீரில் குளிர்வித்து, மறுபடி சூட்டில் முதிர வைக்க வேண்டும். ஃப்ரேம் அதில் நெளிந்து வரும். 7075 என்ற அலுமினிய வகை இன்னும் வலியது. ஆனால் அதை ஆர்கான் வெல்டிங் செய்தால் வெடிப்பு விடும். அதை முழுக்கட்டையில் கடைந்த வீல் அப்ரைட்டுக்கு (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகம்) வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு 100 கிராமும் சஸ்பென்ஷன் சுமக்காத எடை, அதன் பலன் ஓட்டத்தில் தெரியும்.

குழாய் வாங்கும்போது கேஜ் எண்ணை நம்பாமல் வெர்னியரால் நான்கு இடத்தில் தடிப்பை அளந்துவிடுங்கள். ஃபர்னிச்சர் பைப் வேண்டவே வேண்டாம். டெஸ்ட் சர்டிஃபிகேட் உள்ள தையலில்லாக் குழாய் கேளுங்கள். 4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) கிடைத்தால் நல்லது. ஆனால் அதன் வலிமை கூடுமே தவிர விறைப்பு கூடாது. குழாய் முனையை மீன்வாய் போலக் கடைந்து, இடைவெளி அரை மி.மீ.க்குள் பொருத்துங்கள். ஆயில், துருவைத் துடைத்து, ஃப்ரேம் முழுவதையும் முதலில் டாக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டிங்) போட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாறிமாறி ஈஆர் 70எஸ்-2 கம்பியால் வெல்டிங் செய்யுங்கள். பட்டறையில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். காற்று ஆர்கானைக் கலைக்கும், 4130-ஐச் சட்டென ஆற வைத்து நொறுங்க வைக்கும். வெல்டிங் பட்டையை கிரைண்டரால் வழவழப்பாக்கினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இணைப்பின் உடம்பே தேய்ந்துவிடும்.

எஸ்.எஸ்.ஸுக்கும் வண்டியில் நல்ல இடம் உண்டு: எக்ஸாஸ்ட் குழாய். 304-இல் 1.2 மி.மீ. போதும். வெல்டிங்கின்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் ஓட விடுங்கள். ஓட விடாவிட்டால் உள்பக்கம் கருத்த சர்க்கரைக் கட்டிபோலப் பொரிந்து, அங்கிருந்தே வெடிப்பு தொடங்கும்.

இன்ஜினில் உலோகத்தை மாற்றப் போகாதீர்கள். பைக் இன்ஜினின் கிராங்க்கேஸ் ஏற்கெனவே அலுமினியம்தான். சிலிண்டரில் நிக்கல் பூச்சு இருந்தால் சாதாரணமாக போர் செய்யவும் (துளையைக் கடைந்து பெரிதாக்கவும்) முடியாது. பிஸ்டன் மாற்றினால் 4032 என்ற அலுமினிய வகையில் எடுங்கள். சிலிக்கான் அதிகம், விரிவு குறைவு, இடைவெளி குறைவாக வைக்கலாம். 2618 என்ற வகை அடி தாங்கும். ஆனால் கூடுதல் இடைவெளி கேட்கும், குளிரில் தட்டும்.

எடையைவிட ஆயிலைக் கவனியுங்கள். பைக் வளைவில் சாயும், ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டி) அடியிலேயே நிற்கும். கார் சாயாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற திருப்பங்களில் ஆயில் ஒருபக்கம் ஏறி, பம்ப் காற்றை உறிஞ்சும். கனெக்டிங் ராட் பேரிங் நொடிகளில் காயும். சம்ப்புக்குள் ஓட்டையிட்ட அலுமினியத் தடுப்புத் தகடு பொருத்துங்கள், ஆயில் பிரஷர் விளக்கை ஓட்டுநர் கண்ணெதிரே வையுங்கள். சோதனை ஓட்டம் மூடிய மைதானத்தில்தான். பதிவில்லாத வண்டியை மலைப்பாதையில் ஏற்றாதீர்கள், எதிரே பஸ் வரும்.