காசு கட்டி இன்டர்ன்ஷிப் போகணுமா? – கடிதம்

வணக்கம் அக்கா,

நான் நாமக்கல் பக்கம் ஒரு காலேஜ்ல சிஎஸ்இ தேர்ட் இயர். ஆறாவது செம் முடியறதுக்குள்ள இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் குடுத்தே ஆகணும்னு எச்ஓடி சொல்லிட்டாங்க. சீனியர்ஸ் எல்லாம் சென்னையில ஒரு இடத்துல 6,000 கட்டி வாங்கினாங்களாம், 15 நாள் போனா போதும், போகலன்னாலும் தந்துடுவாங்களாம். அப்பா லாரி டிரைவர். கட்டறேன்னுதான் சொல்றாரு, எனக்குத்தான் மனசு வரல. பெரிய கம்பெனிங்களுக்கு அப்ளை பண்ணேன், பதிலே இல்ல. சிஜிபிஏ 7.4. கட்டிடட்டுமா?

ச.

அன்புள்ள ச,

கட்டாத.

நானும் கட்டினவதான், அதனால சொல்றேன். எங்க காலத்துல அதுக்கு இன்பிளான்ட் டிரெயினிங்னு பேரு. ஒரு மாடி ரூம்ல 40 பேர உக்கார வச்சு ஒருத்தர் பிபிடி ஓட்டுவாரு, நாலாவது நாள்ல இருந்து பாதி பேர் பீச்சுக்குப் போயிட்டோம், ஆனாலும் எல்லாருக்கும் சர்டிபிகேட்ல 'எக்ஸலன்ட்'. அப்புறம் ஒரு இன்டர்வியூல "இதுல நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க பாரு, வாயே தொறக்க முடியல.

உங்க அப்பா லாரின்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஃபைனல் இயர்ல சேலத்துல நாலே பேர் இருக்கிற சின்ன ஆபீஸ்ல ரெண்டு மாசம் இருந்தேன், லாரி புக்கிங் ஆபீஸுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றவங்க. சம்பளம் கிடையாது, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் டீ. கஸ்டமர் பேரத் தேடுற ஸ்கிரீன் ஒண்ணு என்னைய எழுதச் சொன்னாங்க, எழுதி பத்து பேரப் போட்டுப் பார்த்தேன், சூப்பரா வந்துச்சு. புக்கிங் ஆபீஸ்ல கொண்டு போய் போட்டா, கே.முருகன், முருகன்.கே, புள்ளி இல்லாத கே முருகன் மூணும் ஒரே ஆளு, ஆனா நிஜமாவே இன்னொரு கே.முருகனும் இருக்காரு, அவரு பாக்கி 18,000, என் ப்ரோக்ராம் அதத் தூக்கி இவரு தலையில கட்டிடுச்சு! சரி போன் நம்பர வச்சுப் பிரிக்கலாம்னு பார்த்தா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே நம்பர். டேட்டாபேஸ் பாடத்துல (டிபிஎம்எஸ்) ப்ரைமரி கீக்கு, அதாவது ஒவ்வொரு ஆளையும் தனியாப் பிரிச்சுக் காட்டுற அடையாளத்துக்கு, டெஃபினிஷன் எழுதி மார்க் வாங்கினவ நான், அது எதுக்குன்னு அந்த ஆபீஸ் பெஞ்சுல உக்காந்தப்பதான் புரிஞ்சுது. அங்க இருந்த சீனியர் அண்ணா என் கோட மூணு தடவ திருப்பி அனுப்பினாரு. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உக்காந்து ஏன்னு சொன்னாரு. அழுகை வந்துச்சு, பொய் சொல்லல.

அதனால எங்க போனாலும் ஒண்ணே ஒண்ணு கேளு: நான் எழுதுறத யாரு படிச்சுப் பார்ப்பாங்க? பதில் இல்லாத இடத்துக்கு ஓசியில கூப்பிட்டாலும் போகாத.

வீட்ல இருந்தே பண்றதுன்னா கூகுள் சம்மர் ஆஃப் கோட் இருக்கு, ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல, அதாவது யாரு வேணாலும் கோடப் பார்த்துத் திருத்தலாம்ங்கிற சாஃப்ட்வேர்ல, வேலை பண்றது, 2005ல இருந்து நடக்குது. வருஷா வருஷம் பெரும்பாலும் பிப்ரவரியில ப்ராஜெக்ட் லிஸ்ட் விடுவாங்க, 90 மணி நேரத்துலயே முடியற சின்ன வேலையும் உண்டு. இன்னொண்ணு அவுட்ரீச்சி, அதுவும் ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப்தான், மூணு மாசத்துக்கு 7,000 டாலர், ரெஸ்யூமே கேக்க மாட்டாங்க, முதல்ல அந்த ப்ராஜெக்ட்ல நீ சின்னச் சின்னதா ஏதாவது சரி பண்ணிக் காட்டணும், அத வச்சுத்தான் எடுப்பாங்க. பாம்பே ஐஐடியோட ஃபாஸீ இருக்கு, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர படிப்புக்குள்ள கொண்டு வர்ற ப்ராஜெக்ட், அவங்களும் டாஸ்க் குடுத்துத்தான் எடுக்கிறாங்க. மூணுக்குமே போட்டி ஜாஸ்தி, கிடைக்காமலும் போகலாம். ஆனா அதுக்காக நீ அனுப்புற பேட்ச்ச, அதாவது கோட்ல பண்ண திருத்தத்த, முன்னபின்ன தெரியாத ஒருத்தர் படிச்சு "இது சரியில்ல"ன்னு எழுதுவாரு பாரு, அது உனக்குத்தான். இங்கிலீஷ் தடுமாறுதேன்னு பயந்துடாத, அங்க பாதி பேர் தட்டுத்தடுமாறித்தான் எழுதுறாங்க.

7.4 போதும், அத விடு.

எச்ஓடிகிட்ட, நீ அந்தக் காலேஜ் ஸ்டூடன்ட்தான்னு ஒரு போனஃபைட் லெட்டர் வாங்கி வச்சுக்கோ. அப்பா லோடு எடுக்கிற புக்கிங் ஆபீஸ்ல பில்லு கம்ப்யூட்டர்ல வருதான்னு கேளு. வந்துச்சுன்னா பில்லுக்கு அடியில பொடி எழுத்துல சாஃப்ட்வேர் போட்டவங்க நம்பர் இருக்கலாம். முதல் போன் அங்க பண்ணு.