அண்ணன் அப்புறம் கையெழுத்துப் போடுவாரா?

கேள்வி: மதுரை ஒத்தக்கடை பக்கம் ஒரு பழைய வீட்டை 60 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். வீடு, விற்பவருடைய காலமான அப்பா பெயரில் இருக்கிறது. உயில் இல்லை. "அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான், அப்புறம் வந்து கையெழுத்துப் போடுவான், நீங்க பத்திரத்தை முடிங்க" என்கிறார். முடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தாலும் தள்ளிப் போடுங்கள். அண்ணன் கையெழுத்து இல்லாத கிரயத்தில் அவருடைய பங்கு உங்களுக்கு வராது. பின்னால் பாகப்பிரிவினை வழக்கு வந்தால் நீங்களும் பிரதிவாதியாக நிற்க வேண்டும்.

முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்துக் குடும்பம், அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு என்று வைத்துக்கொள்கிறேன். உயில் இல்லாவிட்டால் மனைவி, மகன்கள், மகள்களோடு இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த மகளை மறக்கக் கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், பாட்டியைத்தான் மறந்துவிடுகிறார்கள். அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்து, பிறகு காலமானார் என்றால் அவர் பங்கில் விற்பவரின் சித்தப்பா, அத்தைமாருக்கும் உரிமை வந்துவிடும். அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தனக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 'விற்க அதிகாரம்' என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பவர் இதற்கு உதவாது.

விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1% வருமான வரியை நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். அண்ணன் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1% கணக்கு செல்லாது, பிடித்தம் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை உங்களைத்தான் கேட்கும். பத்திரத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் விவரம்) போட்டுப் பார்ப்பது வழக்கம், ஆனால் பதிவாகாத கடன் அதில் தெரியாது. அசல் தாய்ப் பத்திரத்தை (சொத்து இவர்களுக்கு வந்த முந்தைய பத்திரத்தை) கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால், அசல் எங்கேயோ அடகில் இருக்கலாம்.

செலவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 60 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 5,40,000 ரூபாய் ஆகும்.

முன்பணத்தை ரொக்கமாகவா கொடுத்தீர்கள்? 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். மீதியை, எல்லோரும் கையெழுத்துப் போடும் அன்று, வாரிசுதாரர் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி டிடியாகக் கொடுங்கள்.