முதலில் பலகை, அப்புறம்தான் உளி

கேள்வி: கிளேர்வுட் பக்கம் ஒரு மரச்சாமான் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாலிப வயதில் கல்யாண பேண்டில் கிதார் வாசித்தேன். வயலின் போல முகம் (மேற்பலகை) மேடாகி, எஃப் வடிவத் துளை வைத்த ஆர்ச்டாப் கிதார் ஒன்றை என் கையாலேயே செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வீட்டுக் கராஜில் மேசை இருக்கிறது, இழைப்புளிகளும் இருக்கின்றன. வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் முகத்துக்கு ‘மாஸ்டர் கிரேடு’ ஸ்ப்ரூஸ் மரப் பலகை ஒரு ஜோடி பார்த்தேன். சாதாரண ஏ கிரேடைப் போல மூன்று மடங்கு விலை. வாங்கலாமா? வேறு என்னென்ன கருவி வாங்க வேண்டும்?
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஐயா, மாஸ்டர் கிரேடு வேண்டாம். முதல் கிதாருக்கு ஏ கிரேடே போதும். இந்த முத்திரைகளுக்கெல்லாம் பொதுவான தர அளவு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கண்ணால் பார்த்துப் போடுவதுதான். ரேகை நெருக்கமாகவும் நிறம் சீராகவும் இருந்தால் கிரேடு ஏறும், விலையும் ஏறும். அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் அழகுக்கானது. நாதத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: எப்படி அறுத்திருக்கிறார்கள், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு காய்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் தடிமனைப் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். சாதாரணத் தட்டை கிதாருக்கு விற்கும் பலகை 4, 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். விலை மலிவு என்று அதை வாங்கிவிட்டால் மேடு குடைய மரமே இருக்காது. ஆர்ச்டாப்புக்கு வேண்டியது ஆப்பு வடிவில் அறுத்த ஜோடி. நடுவில் ஒட்டும் பக்கம் குறைந்தது 25 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 17 அங்குல உடம்பு என்றால் ஒவ்வொரு பாதியும் 560 மில்லிமீட்டர் நீளம், 220 அகலம். அதிலிருந்து வெளியிலும் உள்ளிலும் குடைந்து, நடுவில் 6 மில்லிமீட்டர், விளிம்புப் பள்ளத்தில் 3 மில்லிமீட்டர் சொச்சம் வரை இறக்குவார்கள். வாங்கிய மரத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில்தான் கிடக்கும். அந்தச் சீவலுக்கு ஏன் மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டும்?

பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, பலகையின் வெட்டு முனை. ஆண்டு வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து படுத்திருந்தால் வேண்டாம். இரண்டாவது, இரண்டு பாதியையும் புத்தகம் போல விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம். ஒரு பாதி வெளுப்பாகவும் மறு பாதி இருட்டாகவும் தெரிந்தால் நார் முகத்தோடு ஓடாமல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மரத்தைக் குடையும்போது உளி ஒரு பாதியில் வழுக்கிக்கொண்டு போகும், மறு பாதியில் பிய்த்தெடுக்கும். மரச்சாமான் வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

ஈரத்தை மட்டும் எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. என் முதல் ஜோடியை ஒரு டிசம்பரில் வாங்கினேன். பத்து வருடம் காய்ந்த மரம் என்றார் விற்றவர். நம்பி, வந்த வாரமே நடுவில் ஒட்டிவிட்டேன். மூன்றாம் வாரம் பார்த்தால் இழைத்த முகம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. ஒட்டின் ஒரு முனையில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. மரம் பாழ். அன்றிலிருந்து எந்தப் பலகை வந்தாலும் முதல் வேலையாகச் சமையலறைத் தராசில் வைக்கிறேன். எடையை அதன் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை திரும்ப எடை பார்க்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் ஒரு பாதியில் 930, 921, 917, 917 என்று நாலு எண் இருக்கிறது. கடைசி இரண்டும் ஒன்றானால்தான் இழைப்புளியைத் தொடுவேன்.

ஆனால் டர்பன் கோடையில் திறந்த கராஜில் வைத்து எடை நின்றுவிட்டது என்றால் அது காய்ந்ததாகாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு சமமாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் வரை நிற்கும் ஓர் அறை வேண்டும். சின்ன அறையைச் சாத்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று போடுங்கள். நீங்கள் செய்யப்போகும் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். முகத்தையும் முதுகையும் உடம்போடு ஒட்டும் வேலையை ஜூன், ஜூலைக்கு வைத்துக்கொண்டால் இயந்திரத்துக்கும் பாரம் குறையும்.

இனி கருவி. வாய் வளைந்த அகல உளி ஒன்று, அடிப்பாகம் வளைந்த விரலளவு பித்தளை இழைப்புளி ஒன்று, சுரண்டு தகடு இரண்டு, தடிமன் அளக்கும் வாய் ஆழமான அளவி ஒன்று. இவற்றை நல்லதாக வாங்குங்கள். பக்கப் பலகை வளைக்க இரும்புக் குழாய் ஒன்றும் அதைச் சூடாக்கும் கேஸ் விளக்கும் போதும். 2 மில்லிமீட்டருக்கு இழைத்த மேப்பிள் அதில் வளைந்துவிடும். பட்டை ரம்ப இயந்திரம் வாங்க வேண்டாம். பழைய ஆலைச் சிநேகிதர் யாரிடமாவது ஒரு மத்தியானம் கேட்டுப் போங்கள். பெரிய இயந்திரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1922-இல் வந்த கிப்சன் கம்பெனியின் எல்-5 கிதார்தான் எஃப் துளை ஆர்ச்டாப்புக்கு வழி போட்டது, அது தொழிற்சாலையில் பிறந்தது. ஆனால் 1932-இல் நியூயார்க்கில் ஜான் டி ஆஞ்சலிகோ திறந்தது ஒரு சின்னப் பட்டறை. இந்த ஜாதி கிதாரில் அவர் பெயருக்கு இன்றும் தனி மரியாதை. கையால் குடைகிறவருக்கு மின்வெட்டும் பொருட்டில்லை.

குடையப் பழக உள்ளூர் பைன் பலகையில் ஒரு முகம் முழுதாகச் செய்து பாருங்கள். கிதார் முகத்துக்கு அது ஆகாது, கைக்கு ஆகும். முதுகுக்கு மேப்பிள்தான் மரபு, அது இறக்குமதி. நைஸ்னா பக்கம் வளரும் பிளாக்வுட்டும் நன்றாக ஒலிக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே வேர் பிடித்த மரம் அது. கழுத்துக்கு கியாட் என்ற ஆப்பிரிக்க மரம் எடுக்கலாம், அதிகம் சுருங்காது, முறுக்காது. தூசி மூக்கை அரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்தே வாங்குவதாக இருந்தால் கடையில் தெரியும் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் 15 சதவீத வாட் வரியை, பொருளின் மதிப்போடு இன்னொரு 10 சதவீதமும் சுங்க வரியும் கூட்டி, அந்தத் தொகைக்குப் போடுவார்கள். கூரியர்காரர் தன் கட்டணத்தைத் தனியாக வாங்குவார்.

கேள்வி: இங்குள்ள ஓர் இணையக் கடையில் ஆர்ச்டாப் ஸ்ப்ரூஸ் ஜோடி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒரு பாதியில் உள்ளங்கை நீளத்துக்கு வெடிப்பு. “மரம் இயற்கைப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பலகையை இழைக்கவோ வெட்டவோ செய்யாதீர்கள். வெடிப்பின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். வந்த பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம்.

நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அனுப்பும் செலவு கடைக்காரருடையது. பழுது பார்ப்பதா, வேறு பொருள் தருவதா, பணமா என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான், அவரல்ல. குறை வெளியே தெரிந்தது, நீங்கள் பார்த்திருக்கலாமே என்ற வாதமும் செல்லாது. ஒன்றைத்தான் சரிபாருங்கள்: ‘வெடிப்புள்ள பலகை’ என்று தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கினீர்களா? அப்படியென்றால் உரிமை இல்லை. ‘மரம் இயற்கையானது’ என்ற பொதுப் பேச்சு அதற்கு ஈடாகாது.

இணையத்தில் வாங்கியதால் இன்னொரு வழியும் உண்டு. கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. உங்கள் அளவு கொடுத்து அறுத்து வாங்கிய பலகைக்கு இந்த ஏழு நாள் பொருந்தாது. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பழைய உளியோ இழைப்புளியோ ஒரு வீட்டுக்காரரிடம் வாங்கும்போது இந்தச் சட்டம் துணைக்கு வராது. அது ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, இருக்கிறபடியே விற்பனை. அங்கேயே கூர் பார்த்து, துரு சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டர்பனில் இருக்கும் என் மாமா கையால் செய்து கொடுத்த ஆர்ச்டாப் இது. ஜூலையில் இங்கே கொண்டுவந்ததும் தந்தி தாழ்ந்து ஃபிரெட்டில் (விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பியில்) உரசுகிறது, ஃபிரெட் முனைகள் விரலைக் கீறுகின்றன. பழுது பார்க்கக் கேட்கும் தொகை அதிகம். மரம் கெட்டுவிட்டதா?
— வாசகர், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

பதில்: தம்பி, கெடவில்லை, சுருங்கியிருக்கிறது. கடற்கரை ஈரத்தில் கிடந்த 430 மில்லிமீட்டர் அகல ஸ்ப்ரூஸ் முகம் உங்கள் ஊரின் வறண்ட குளிர்காலக் காற்றில் சுமார் 3 மில்லிமீட்டர் வரை ஒடுங்கலாம். அகலம் ஒடுங்கினால் மேடு தணியும், தந்தியைத் தாங்கும் குதிரையும் அதோடு இறங்கும். விரல்பலகையும் ஒடுங்குவதால் ஃபிரெட் முனை வெளியே நீட்டுகிறது. கழுத்துக்குள் இருக்கும் இறுக்கக் கம்பியைத் திருகாதீர்கள், பழுதுக்கும் இப்போது கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பதமூட்டி ஒன்றும், ஈரப்பத மானி ஒன்றும் வாங்குங்கள். மலிவு மானி பொய் சொல்லும், அதனால் முதலில் சோதியுங்கள்: மூடியில் உப்பை எடுத்து, கூழாகும் அளவு நீர் விட்டு, மானியோடு டப்பாவில் போட்டு இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி அது சொல்வதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 45-க்கு மேல் மூன்று வாரம் நின்றும் தந்தி எழும்பவில்லையென்றால் குதிரையின் இரு திருகுச் சக்கரங்களையும் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆர்ச்டாப்பில் அதை ஒட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் தந்தியைத் தளர்த்திச் செய்துவிடலாம். பழுதுக்காரர் வேலை முகத்தில் வெடிப்பு தெரிந்தால் மட்டும்.

கேள்வி: சென்னையில் உள்ள சொந்தக்காரர் விரல்பலகைக்கு ஈட்டி மரம் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம் ஐயா. ஈட்டியும் மற்ற ரோஸ்வுட்களும் 2017 முதல் மொத்தமாக சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கின்றன. 2019-இல் தளர்த்தியது செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத்தான், மரப் பலகைக்கு அல்ல. அனுமதித் தாள் இல்லாமல் வந்தால் எல்லையில் பறிபோகும். ஃபிரெட் பள்ளம் வெட்டிய கருங்காலிப் பலகையை இங்குள்ள கடையில் வாங்குங்கள். 648 மில்லிமீட்டர் தந்தி நீளத்துக்கு முதல் பள்ளம் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டிலிருந்து) 36.4 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், பன்னிரண்டாவது 324-இல். கடையிலேயே அளந்து பாருங்கள்.