மரபணு அறிக்கையில் ‘சர்க்கரை நோய் அபாயம் 1.4 மடங்கு’ என்று வந்திருக்கிறது. நோய் வருவது உறுதியா? மகளுக்கும் சோதிக்க வேண்டுமா?

உறுதியில்லை. அதே சமயம் அறிக்கை சொல்வது பொய்யும் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன், மருத்துவன் அல்லன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மதினிக்கும் இதே போன்ற அறிக்கை வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் குழாயில் எச்சில் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். இருபது பக்கத்துக்கும் மேல் வழவழப்பான தாள். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் பச்சையில் தொடங்கி சிவப்பில் முடியும் பட்டை, சிவப்புப் பக்கமாக ஒரு அம்புக்குறி. “தம்பி, சிவப்பில் போட்டிருக்கிறானே, இனிமேல் சோறே தொடக் கூடாதா?” என்று கேட்டார். கீழே சிறிய எழுத்தில் உங்களுக்கு வந்திருக்கும் அதே குறிப்புதான் இருந்தது: டிசிஎஃப்7எல்2 மரபணு, ஆர்எஸ்7903146, சி/டி.

அந்த நீளமான எண், பத்தாவது குரோமோசோமில் டிஎன்ஏவின் ஓர் எழுத்தின் முகவரி. அந்த இடத்தில் சிலருக்கு சி, சிலருக்கு டி. அபாயத்தோடு தொடர்புள்ளது டி. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வருவதால் உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கிறது. இது அபூர்வமும் இல்லை. தெற்காசியரிடம் டி எழுத்தின் அளவு ஏறத்தாழ 30 சதவீதம். ஒவ்வொருவரிடமும் இரண்டு எழுத்துகள் இருப்பதால், நெல்லை சந்திப்பில் ரயிலுக்கு நிற்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் குறைந்தது ஒரு டியாவது இருக்கும்.

இந்த மரபணுவுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் சொன்னது 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள். அடுத்த ஆண்டே முழு மரபணுத்தொகுதித் தொடர்பாய்வுகள் வரிசையாக வந்தன. நோயுள்ள ஆயிரக்கணக்கானவர்களையும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களையும் எடுத்து, பல லட்சம் இடங்களில் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. இதில் கணக்கு கறாராக இருந்தாக வேண்டும். இருபதில் ஒரு தற்செயலை அனுமதிக்கும் வழக்கமான அளவுகோலை வைத்துப் பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால், ஐம்பதாயிரம் இடங்கள் சும்மாவே ‘தொடர்பு உண்டு’ என்று வந்து நிற்கும். அதனால்தான் இரண்டு கோடியில் ஒன்று என்ற அளவுக்குத் தற்செயல் வாய்ப்பு குறைந்தால் மட்டுமே ஏற்கிறார்கள். டிசிஎஃப்7எல்2 அந்த வாசலைச் சிரமமில்லாமல் தாண்டியது. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரே இருப்பார்கள் என்ற குறை நியாயமானது. ஆனால் இந்த ஒன்றை 2007இலேயே புனேயிலும் சென்னையிலும் நம்மவரிடம் சரிபார்த்துவிட்டார்கள்.

எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. தென்காசி பஸ்ஸில் பணப்பை தொலைந்தது, அது ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் இடையில் என்று தெரிகிறது. எடுத்தவர் யார் என்பது தெரியவில்லை. தொடர்பாய்வு தருவது பொதுவாக அவ்வளவுதான். அக்கம்பக்கத்து எழுத்துகள் கூட்டமாகவே பிள்ளைகளுக்கு இறங்குவதால் எது செயல்படுகிறது, எது உடன் வருகிறது என்று பிரிப்பது பெரும்பாடு. இந்த டி விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அது புரதத்தை மாற்றுவதில்லை. மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இருக்கிறது. அதை உடையவர்களுக்குச் சாப்பிட்டபின் கணையம் இன்சுலின் சுரப்பது சற்று மந்தமாக இருக்கிறது.

இனி அந்த 1.4. பயமுறுத்துவது இந்த எண்தான், அறிக்கைகள் விளக்காமல் விடுவதும் இதைத்தான். ஒரு டியும் இல்லாத நூறு பேரில் இருபது பேருக்கு வாழ்நாளில் நோய் வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வருவோர் 20, வராதோர் 80, விகிதம் 0.25. இந்த விகிதத்தைத்தான் 1.4ஆல் பெருக்க வேண்டும்: 0.35. அதை நூற்றுக்கு மாற்றினால் சுமார் 26. ஆக, உங்களைப் போல ஒரு டி உள்ள நூறு பேரில் 26 பேருக்கு வருகிறது, 74 பேருக்கு வருவதில்லை. இரண்டு டி இருந்தால் ஏறத்தாழ 33. ஒரு டியும் இல்லாமலே இருபது பேர் மாத்திரை போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கூட்டத்தைப் பற்றிப் பேசும் எண்ணைக் கொண்டு தனி ஆளுக்கு அம்புக்குறி போடுவது எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களைக் கொண்டு நடந்த பெரிய தடுப்பாய்வில் இதே எழுத்தைப் பார்த்தார்கள். இரண்டு டி உள்ளவர்களுக்கு நோய் வேகமாகத்தான் வந்தது. ஆனால் வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு என்று வைத்திருந்த குழுவில் அந்த வித்தியாசம் பெரிதும் மங்கிவிட்டது. 2006இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தியத் தடுப்பாய்விலும் உணவையும் உழைப்பையும் மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதும் முதலில் அல்வாவை நிறுத்துவார்கள். மாதத்தில் ஒருநாள் வாழையிலைத் துண்டில் வாங்கித் தின்னும் நூறு கிராம் அல்வா பெரிய எதிரி இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என மூன்று வேளையும் அரிசியே வருகிறது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை. மதினியிடம் சோற்றை விடச் சொல்லவில்லை. பாதியாக்கி, காய்கறியையும் பயறையும் கூட்டி, மாலையில் ஆற்றங்கரை வரை நடக்கச் சொன்னேன்.

நீங்கள் செய்யவேண்டியது ரத்தப் பரிசோதனை. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நல்லது, 5.7 முதல் 6.4 வரை விளிம்பு நிலை, 6.5 தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவை இலவசமாகவே பார்க்கிறார்கள். பெற்றோரில் யாருக்காவது சர்க்கரை உண்டா, இடுப்புச் சுற்றளவு என்ன என்ற இரண்டு கேள்விகள் அந்த ஓர் எழுத்தைவிட அதிகம் சொல்லும்.

மகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். உங்களிடமிருந்து டி அவளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் வராவிட்டாலும் சொல்லப்போகும் ஆலோசனை ஒன்றேதான். அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.